நரம்பு நிபுணரின் முழங்கால்

காஜா பேராங் ஊரின் சடக்குச் சாலையில் கலியாணசுந்தரம் நடந்து வந்தால் தொலைவிலேயே தெரிந்துவிடும். முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, பாதத்தைத் தரையில் பொத்தென்று போட்டு, அப்புறம்தான் அடுத்த காலைத் தூக்குவார். ஜப்பான் சிப்பாய்கள் அணிவகுத்துப் போவதைப் பார்த்துப் பார்த்து இவருக்கும் அந்த நடை ஒட்டிக்கொண்டது என்று காப்பிக்கடையில் பேசிக்கொண்டார்கள். "பதவி தலைக்கு ஏறும்னு கேட்டிருக்கேன், இவருக்குக் காலுக்கு இறங்கிடுச்சு" என்றான் ஒருவன். அது காதில் விழுந்தும் கலியாணசுந்தரம் மறுக்கவில்லை. அன்றிலிருந்து இன்னும் கொஞ்சம் உயர்த்தியே தூக்கினார்.

விஷயம் வேறு. தீபாவளிக்குப் பிறகு அவருடைய பாதங்கள் இரண்டும் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. முதலில் கணுக்காலுக்குக் கீழே எறும்பு ஊர்வது போல இருந்தது. பிறகு எறும்பும் போய்விட்டது. முன்பாதம் செத்த மீனின் வால் மாதிரித் தொங்கியது. முழங்காலை உயர்த்தாமல் நடந்தால் பெருவிரல் தரையில் இடறி, டாக்டர் சடக்கில் குப்புற விழ வேண்டியதுதான். இது தன்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்று அவர் நம்பியிருந்தார். நடக்க முடியாத டாக்டரிடம் எந்த நோயாளி வருவான்?

யுத்தத்துக்கு முன்னால் அவர் டாக்டரும் இல்லை. புக்கிட் ரம்பாய்க்கு அப்பால் ரப்பர் பால் எடுக்கும் ஒரு கித்தாத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர். வெள்ளைக்கார டாக்டர் எப்போதாவது மோட்டாரில் வந்து போவார். மற்ற நாட்களில் காய்ச்சலுக்குக் கொய்னா, வயிற்றுக்குப் பேதி உப்பு, புண்ணுக்கு மஞ்சள் களிம்பு என்று கொடுத்து அனுப்புவது இவர் வேலை. ஜப்பான்காரன் வந்தபோது வெள்ளைக்கார டாக்டர் சிங்கப்பூருக்கு ஓடினார். ஓடிய அவசரத்தில் காதில் மாட்டும் குழாயை மேசைமேல் விட்டுவிட்டார். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்ட அன்றே கலியாணசுந்தரத்துக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. கொடுத்தவரும் அவர்தான், வாங்கிக்கொண்டவரும் அவர்தான். காஜா பேராங்கில் அத்தாப்பு ஓலைக் கூரை வீடு ஒன்றைப் பிடித்து வாசலில் பலகை மாட்டினார்: டாக்டர் கலியாணசுந்தரம், நரம்பு நிபுணர்.

நரம்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நெஞ்சு என்றோ வயிறு என்றோ போட்டால், ஆள் செத்தால் பேர் கெடும். நரம்பு நோயில் யாரும் சட்டென்று சாவதில்லை, சட்டென்று பிழைப்பதும் இல்லை. அதோடு தமிழில் நரம்பு என்பது தாராளமான சொல். புறங்கையில் நீலமாகப் புடைத்து ரத்தம் ஓடுவதும் நரம்பு. குதிகாலுக்கு மேலே கயிறு போல முறுக்கி, தசையை எலும்போடு கட்டி வைத்திருப்பதும் நரம்பு. மூளையின் உத்தரவைச் சுமந்துகொண்டு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடுகிறதே, அதுவும் நரம்பு. மூன்றும் மூன்று சாமான்கள் என்று கலியாணசுந்தரத்துக்கு யாரும் சொன்னதில்லை. சொல் ஒன்றாக இருந்தால் சாமானும் ஒன்றுதானே என்று இருந்துவிட்டார். முதுகுவலி என்று வருகிறவனின் கையைத் திருப்பி, நீலக் கோட்டைத் தடவி, "குழாய் அடைச்சிருக்கு. மூளையிலேருந்து சக்தி இது வழியாத்தான் இறங்கணும்" என்பார். வந்தவனும் தன் கைக்குள் இவ்வளவு பெரிய ஏற்பாடு இருக்கிறதா என்ற பெருமையோடு வீட்டுக்குப் போவான்.

அந்த வருஷம் சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் நல்ல சம்பளம், மூன்று வேளை சோறு, சீக்கிரம் வீடு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அதை நம்பி செமாபோக்கிலிருந்து ஒரு கூட்டம் போனது. போனவர்களில் ஒருவனும் திரும்பவில்லை, கடிதமும் இல்லை. சயாம் காட்டில் ஒவ்வொரு தண்டவாளக் கட்டைக்கும் ஓர் ஆளைப் புதைத்துவிட்டுத்தான் அடுத்த கட்டையை வைக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. நோட்டீசை நம்ப ஆள் கிடைக்காமல் போகவே, பெயர் கூப்பிட ஆரம்பித்தார்கள். பெயர் வந்தவன் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போய் ஜப்பான் ராணுவ டாக்டர் முன்னால் நிற்க வேண்டும். நோயாளி என்று அவர் தள்ளினால் வீடு. தள்ளாவிட்டால் லாரி.

அந்த மண்டபத்தில் கலியாணசுந்தரத்துக்கும் ஓர் இடம் இருந்தது. வைத்திய ஆலோசகர் என்று கையில் துணிப்பட்டை கட்டியிருந்தார்கள். ஊர் ஆட்களின் நோய் பற்றி ராணுவ டாக்டர் கேட்டால் இவர் சொல்ல வேண்டும். இதுவரை அவர் ஒன்றும் கேட்டதில்லை. கை கழுவத் தண்ணீர்ப் பேசினைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் ஆலோசனை. ஆனால் கூலி உயர்ந்த கூலி: பளிங்கு மாதிரித் தீட்டிய வெள்ளை அரிசி. ஊரே மரவள்ளிக் கிழங்கையும் வள்ளிக்கீரையையும் தின்று கொண்டிருந்தபோது கலியாணசுந்தரம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெள்ளைச் சோறு சாப்பிட்டார். சடக்கில் போகிறவன் பார்க்காவிட்டால் அந்தச் சோறு அவருக்கு இறங்காது. கழுவிய தண்ணீர் தெளிகிற வரைக்கும் அரிசியைக் களைய வேண்டும், பக்கத்தில் கீரை என்று ஒன்றும் வரக்கூடாது என்பது மனைவி சாரதாம்பாளுக்கு உத்தரவு. அவள் பின்பக்கம் உட்கார்ந்து தவிட்டு அடையும் கீரையும் தின்றாள். அவள் கால்கள் நன்றாக இருந்தன.

சாரதாம்பாளின் தம்பி மருதமுத்துவுக்குப் பெயர் வந்தது.

அவன் மாட்டுவண்டிக்காரன். ஆற்றோரக் கிட்டங்கிகளிலிருந்து மூட்டை ஏற்றுகிறவன். ஊரில் எல்லோரும் டாக்டர் என்று கூப்பிடப் பழகிய பிறகும் அவன் மட்டும் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பெயர் வந்த மறுநாள் மனைவி அஞ்சலையையும் அழைத்துக்கொண்டு, நோயாளிகள் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து வந்தான்.

"மச்சான் இருக்காரா?"

"டாக்டர் இருக்கார்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அவரும் இருக்கட்டும். மச்சானைக் கூப்பிடுங்க."

அஞ்சலை அவனை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள். வயிற்றில் பிள்ளை. "அண்ணே, இவரு போனா திரும்ப மாட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஜப்பான்காரன் கேப்பான்னு ஊரே சொல்லுது."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கலியாணசுந்தரத்தின் முகத்தைப் பார்த்தார்கள். ராணுவ டாக்டருக்குத் தன் பெயர்கூடத் தெரியாது என்று சொல்ல அது நேரமில்லை.

"கேப்பான்" என்றார்.

பின்கட்டு வாசலில் வந்து நின்ற சாரதாம்பாள், "நெசமாவா?" என்றாள்.

"நான் சொல்றேன்ல. இவனை நரம்பு நோயாளின்னு நிறுத்தப்போறேன். கால் விளங்காதவனை வெச்சுத் தண்டவாளம் போட முடியுமா?"

"எனக்குத்தான் நோய் இல்லியே மச்சான்" என்றான் மருதமுத்து.

"நான் குடுக்கறேன்."

"அதையும் ஊரே சொல்லுது."

பெஞ்சில் ஒருவர் இருமலில் சிரிப்பை மறைத்தார்.

ராணுவ டாக்டர் எதைச் சோதிப்பார் என்று தெரிந்துகொள்ள கலியாணசுந்தரம் தம்பிராஜாவைப் பிடித்தார். தம்பிராஜா அங்கேயே செட்டி கம்பம் என்ற குடியிருப்பைச் சேர்ந்தவன். பெயரும் கோயிலும் தமிழ், வாயைத் திறந்தால் மலாய், தேவைப்பட்டால் தமிழும் வரும். ஜப்பான் பள்ளிக்கூடத்தில் நாலு வார்த்தை படித்து மண்டபத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தான். கேட்டதற்கு அவன் யோசிக்கவே இல்லை. "டியா தெங்கோ ஊராட்" என்றான். அவர் ஊராட்டைப் பார்ப்பார் என்று அர்த்தம்.

மலாய்க்காரர்களின் ஊராட்டும் நம் நரம்பைப் போலவே வள்ளல்தான். ரத்தக் குழாய்க்கும் அதே சொல், தசைக் கயிற்றுக்கும் அதே சொல், மற்றதற்கும் அதுவே. தம்பிராஜா எதை நினைத்துச் சொன்னானோ தெரியாது. கலியாணசுந்தரம் நீலக் கோட்டை நினைத்துக்கொண்டு சந்தோஷமாக வீடு திரும்பினார்.

பயிற்சி ஆரம்பமானது. மருதமுத்துவின் வலது கால் இனி மருதமுத்துவுக்குச் சொந்தமில்லை என்று முடிவாயிற்று. படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் போட்டார். அது வாழைத்தண்டு போல விழ வேண்டும். ஊசியால் குத்தினார், முகம் சுளிக்கக் கூடாது. சுருட்டு நெருப்பை உள்ளங்காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். விரல்கூட அசையக் கூடாது. மருதமுத்து இந்த வேலையில் கெட்டிக்காரனாக இருந்தான். முரட்டு மாட்டை நிறுத்தி நிறுத்திப் பழகிய பிடிவாதத்தைத் தன் காலின்மேல் காட்டினான். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான், ஊசி இறங்கும், கண்ணில் நீர் வரும், கால் அசையாது. அஞ்சலையால் பார்க்க முடியவில்லை. பின்பக்கம் போய் நின்றுகொண்டாள்.

கடைசியாக, தொடையில் ஒரு சணல் கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும் என்றார் கலியாணசுந்தரம். "இது கட்டினா கீழே நரம்பு பொடைச்சு நீலமா தெரியும். கால் சில்லுன்னு ஆயிடும். அடைப்புன்னு அவனே எழுதிக்குவான்."

மருதமுத்துவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "செமாபோக்குல தள்ளிவிட்ட ஆளு ஒருத்தன் சொன்னான். அந்த டாக்டர் சின்னச் சுத்தி ஒண்ணு வெச்சு முட்டியில தட்டுறானாமே."

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் அப்படித் தட்டியதைக் கலியாணசுந்தரம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். விளக்கு பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருக்கிறார். எதற்கென்று கேட்டதில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும் அல்லவா?

"அது எலும்புக்குடா. பசார்ல சட்டி வாங்கும்போது தட்டிப் பாக்குறதில்லையா? ஓட்டை இருந்தா சத்தம் மாறும். உன் எலும்பு கெட்டின்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகட்டும். நரம்புக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"தெரிஞ்சுதான் சொல்றீங்களா மச்சான்?"

"பலகையில என்னா எழுதியிருக்கு?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றான் மருதமுத்து.

சோதனை நாள் காலையில் மண்டபம் நிறைந்திருந்தது. ஜன்னலோரம் துப்பாக்கியோடு சிப்பாய்கள். பெஞ்சுகளில் சட்டையில்லாத ஆண்கள், ஒருவர் வியர்வை மற்றவர்மேல் ஒட்ட உட்கார்ந்திருந்தார்கள். வெளியே முள்வேலிக்கு அப்பால் பெண்கள். சாரதாம்பாளும் அஞ்சலையும் அங்கே நின்றார்கள். மருதமுத்துவைத் தள்ளிவிட்டதும் கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும், வழியில் மறந்துபோய் நடந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

ராணுவ டாக்டர் கண்ணாடி போட்ட குள்ளமான மனிதர். யுத்தத்துக்கு முன்னால் தன் ஊரில் வைத்தியக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவராம். மாணவர்கள் எல்லாம் போர்முனைக்குப் போய்விட்டதால் கேட்க ஆளில்லாமல் தொண்டை காய்ந்திருந்தது. சிக்கியவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தினார். சாவுக்குப் போகிறவனை நிறுத்தி வைத்து அவனுடைய மண்ணீரலைப் பற்றி அவனுக்கே விளக்குவார். தம்பிராஜா மூச்சு வாங்கக் காத்திருந்து, அவ்வளவு நேரப் பேச்சையும் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவான்.

மருதமுத்துவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கலியாணசுந்தரம் பேசினைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து வணங்கி, அதுவரை யாரும் கேட்காத ஆலோசனையைத் தாமே சொன்னார். "நரம்பு நோய் துவான். ரொம்ப நாளா. நான்தான் வைத்தியம் பாக்கறேன்."

தம்பிராஜா சொன்னான். டாக்டர் முதல் முறையாகக் கலியாணசுந்தரத்தை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மருதமுத்துவின் வேட்டியை விலக்கிச் சணல் கயிற்றைக் கண்டுபிடித்து, கத்தரிக்கோலால் நறுக்கி எறிந்தார். அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. சுவாரசியம்தான் வந்தது. ஊசியை எடுத்துக் குத்தினார். மருதமுத்து கூரையைப் பார்த்தான். மறுபடி ஆழமாகக் குத்தினார். ரத்தம் வந்தது, கால் வரவில்லை. பெஞ்சுகளில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கலியாணசுந்தரத்தின் நெஞ்சு விரிந்தது. இந்தக் கால் என் கை வேலை என்று எழுந்து நின்று சொல்லிவிடலாம் போல இருந்தது.

டாக்டர் மருதமுத்துவை மேசை விளிம்பில் கால்கள் தொங்க உட்கார வைத்தார். பையிலிருந்து ரப்பர்த் தலை வைத்த சின்னச் சுத்தியை எடுத்தார்.

எலும்புதான் என்று கண்ணாலேயே தைரியம் சொன்னார் கலியாணசுந்தரம்.

முழங்கால் சில்லுக்குக் கீழே டாக்டர் ஒரு தட்டுத் தட்டினார். கால் துள்ளி எழுந்து டாக்டரின் பை மேல் உதைத்தது.

டாக்டர் இன்னொரு தட்டுத் தட்டினார். கால் இன்னொரு முறை உதைத்தது. மருதமுத்து இரண்டு கையாலும் தொடையை அமுக்கிப் பிடித்தான். தட்டினார், அப்போதும் துள்ளியது. ஊசிக்கும் நெருப்புக்கும் அடங்கிக் கிடந்த கால், ஒரு ரப்பர்த் துண்டுக்கு வாலாட்டியது. மருதமுத்து தன் காலையே யாரோ அந்நியனைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"நான் இல்ல மச்சான்" என்றான் மெதுவாக. "அதுவா ஆடுது."

டாக்டருக்கு வகுப்பு கிடைத்துவிட்டது. சுத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெஞ்சுகளைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். சில்லுக்குக் கீழே ஒரு கயிறு இருக்கிறது, அதைத் தட்டினால் தொடையின் முன்பக்கத் தசை ஒரு மயிரளவு நீள்கிறது. தன்னை யாராவது இழுத்தால் தசைக்குப் பிடிக்காது. உடனே அங்கிருந்து ஒரு செய்தி நரம்பு வழியாக முதுகுத்தண்டுக்கு ஓடுகிறது. முதுகுத்தண்டு அதை மூளைக்கு அனுப்பி, உத்தரவு வரட்டும் என்று காத்திருப்பதில்லை. இழு என்று முன் தசைக்கும், விட்டுக்கொடு என்று பின் தசைக்கும் தானே ஆணை போட்டுவிடுகிறது. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஒன்று இழுக்க வேண்டுமானால் எதிரே இருப்பது தளர்ந்தாக வேண்டும். இரண்டும் ஒத்துக்கொண்டால் கால் எழும்புகிறது. எல்லாம் முடிந்த பிறகுதான் மூளைக்குத் தகவல் போகிறது. ஊசி குத்தினால் வலிக்கவில்லை என்று மூளை பொய் சொல்லலாம், இந்தக் காரியத்தில் மூளையைக் கேட்பாரே இல்லை.

நெடுநேரம் பேசினார். ஆணை, செய்தி, கீழ்ப்படிதல் என்ற இடங்களில் அவர் குரல் உயர்ந்தது.

தம்பிராஜா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "முதுகு பொய் சொல்லாதாம்" என்றான்.

மருதமுத்துவை லாரிப் பக்கம் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார் டாக்டர். ஒரு சிப்பாய் அவன் பிடரியில் துப்பாக்கிக் கட்டையால் இடித்தான். மருதமுத்து நன்றாக நடந்து போனான்.

டாக்டர் இப்போது கலியாணசுந்தரத்தின் பக்கம் திரும்பினார். தம்பிராஜா சொன்னான்: "நீங்க ஊராட் டாக்டர்தானேன்னு கேக்கறார். நல்ல ஊராட் எப்படி இருக்கும்னு இவங்களுக்குக் காட்டணுமாம். உக்காருங்க. படிச்ச மனுசன் முட்டியில காட்டினாத்தான் மரியாதையாம்."

அடி விழும் என்று பயந்திருந்த கலியாணசுந்தரத்துக்கு உயிர் வந்தது. பொய் சொன்னதற்குத் தண்டனை இல்லை, மரியாதை. பட்டையைச் சரிசெய்துகொண்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்தார். கால்கள் தொங்கின. சுத்தி இறங்கியது.

ஒன்றும் நடக்கவில்லை.

ஈரத் துணி கொடியில் தொங்குவது போலக் கால் தொங்கியது. டாக்டரின் புருவம் உயர்ந்தது. இடம் மாற்றித் தட்டினார். அதே அமைதி. பெஞ்சுகளிலிருந்து காஜா பேராங் முழுக்கத் தன் முழங்காலைப் பார்ப்பதைக் கலியாணசுந்தரம் உணர்ந்தார். மருதமுத்துவும் வாசலிலிருந்து பார்த்தான். இந்தக் கால் ஆடாவிட்டால் என்ன ஆகும் என்று அந்தக் கணத்தில் அவர் மனம் ஓடியது. துணிப்பட்டை போகும். பலகை போகும். ஜன்னலோரச் சோறு போகும். நரம்பு நிபுணருக்கு நரம்பு இல்லை என்று காப்பிக்கடையில் இன்று சாயங்காலமே சொல்லிச் சிரிப்பார்கள்.

சுத்தி மறுபடி விழுந்தது. கலியாணசுந்தரம் உதைத்தார்.

முதுகுத்தண்டு செய்யாத வேலையை மூளை செய்தது. உத்தரவு மேலேயிருந்து புறப்பட்டு, பாதி செத்த வழியில் தடவித் தடவி இறங்கி, தொடைக்கு வந்து சேர்ந்தது. தட்டு விழுந்து, சத்தம் அடங்கி, டாக்டர் சுத்தியை எடுத்துக்கொண்ட பிறகு கால் எழுந்தது. கச்சேரி முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில் ஒருவன் கைதட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஆனால் நல்ல உயரம் எழுந்தது. சடக்கில் நடந்த பழக்கம்.

டாக்டர் சிரிக்கவில்லை. கெண்டைக்காலை அமுக்கினார், கலியாணசுந்தரம் பல்லைக் கடித்தார். பாதத்தை மேலே மடக்கச் சொன்னார், பாதம் கேட்கவில்லை. "கக்கே" என்றார்.

"கக்கேன்னா கால் நோய்" என்றான் தம்பிராஜா. "என்னா அரிசி சாப்பிடறீங்கன்னு கேக்கறார்."

"வெள்ளை அரிசி" என்றார் கலியாணசுந்தரம், எல்லோருக்கும் கேட்கும்படி.

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி பாடத்தில் இறங்கினார். ஜப்பானில் தாத்தா காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் இதே நோயில்தான் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். தீட்டிய அரிசியில் நரம்புக்குத் தீனி இல்லை, அது தவிட்டோடு போய்விடுகிறது. தவிடு தின்ற ஏழைக்கு இந்த நோய் வருவதில்லை.

"தவிட்டுலதான் சத்தாம்" என்றான் தம்பிராஜா.

"இல்ல துவான், நான் நல்லா இருக்கேன். கால் ஆடுச்சே, பாத்தீங்களே."

டாக்டர் அதற்குச் சொன்ன பதிலைத் தம்பிராஜா முதல் முறையாகச் சுருக்காமல் சொன்னான். ஒருவேளை அவனுக்கும் அது பிடித்திருக்கலாம். "உங்க கால் தானா ஆடல, நீங்க ஆட்டினீங்கன்னு தெரியுமாம். சும்மா தொங்க விட்டிருந்தா நோயாளின்னு தள்ளியிருப்பாராம். முடியாத காலை ஆட்டணும்னு ஒரு மனசு வந்திருக்கே, அதுதான் நிப்போன் மனசாம், ஜப்பான்காரன் மனசு. மனசு இருக்கிறவனுக்கு நோய் கிடையாதாம். இந்தக் கூட்டத்துக்கு ஒரு டிரஸர் வேணுமாம். நீங்க போறீங்க."

கலியாணசுந்தரத்துக்கு அது புரிந்து இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. சயாம் என்ற சொல்லை டாக்டர் எங்கே சொன்னார் என்று தேடினார். பிறகு மேசையிலிருந்து நழுவி, நின்று, தடுமாறி, மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் காலே இல்ல துவான். தீபாவளியிலேருந்து இல்ல. ஊசி போட்டுப் பாருங்க. குத்திப் பாருங்க."

டாக்டர் அடுத்த ஆளின் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பிராஜா, அவர்கிட்ட சொல்லு."

"அவர் கேக்கலியே டாக்டர்" என்றான் தம்பிராஜா.

பள்ளிக்கூட மைதானத்தில் லாரி நின்றது. தம்பின் ஸ்டேஷன் வரைக்கும் லாரி, அங்கிருந்து ரயில். முள்வேலிக்கு வெளியே பெண்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மருதமுத்து லாரியில் நிற்பதைப் பார்த்ததும் அஞ்சலை வேலிக் கம்பியைப் பிடித்தாள். கையைக் கிழித்தது, விடவில்லை. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் சாரதாம்பாள் நின்றாள். தம்பியைப் பார்த்தாள். பிறகு சிப்பாய் ஒருவன் பிடித்துத் தள்ளிக்கொண்டு வருகிற தன் புருஷனைப் பார்த்தாள். கையில் பட்டை இருந்தது, கழுத்தில் குழாய் இருந்தது. முழங்காலை உயர்த்தி உயர்த்தி வைத்துக்கொண்டு வந்தார். அதைப் பார்த்து லாரிக்காரன் சிரித்தான்.

லாரியின் பின்பலகை உயரமாக இருந்தது. கலியாணசுந்தரம் ஒரு காலைத் தூக்கினார். பாதம் விளிம்பில் தட்டி மடங்கியது. மறுபடி தூக்கினார். சிப்பாய் ஏதோ கத்தினான்.

"மருது" என்று வேலிக்கு அப்பாலிருந்து சாரதாம்பாளின் குரல் வந்தது. அழுகையே இல்லாத குரல். "அவருக்குக் கால் தூக்க வராது. கக்கத்துல கை குடுத்து இழு. ராவெல்லாம் வெறகு மாதிரி கெடக்கும், மேல எதையாவது போர்த்திவிடு."

கலியாணசுந்தரம் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க வாய் வந்தது. மருதமுத்து அதற்குள் அக்குளில் கை கொடுத்து மூட்டையைத் தூக்குவது போல உள்ளே இழுத்துப் போட்டுவிட்டான்.

லாரி கிளம்பியது. காஜா பேராங் வீடுகள் பின்னால் போயின. கூட்டம் நெருக்கமாக உட்கார்ந்திருந்தது. வெகு தூரம் போன பிறகு மருதமுத்து கேட்டான்.

"நெசமாவே வெளங்காதா?"

"ம்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான்."

மருதமுத்து தன் வலது முழங்காலைத் தடவிக்கொண்டான். அந்த மூன்று தட்டும் அங்கே இன்னும் இருந்தன போல.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மச்சான். நோயை வீட்டுலயே வெச்சுக்கிட்டு வெளியே போய்த் தேடினோம். உங்க காலைக் கொண்டுபோய்த் தட்டச் சொல்லிட்டு நீங்க வீட்டுக்குப் போயிருக்கலாம். உங்களைத் தூக்கிக்கிட்டுப் போறவன்னு என்னையும் விட்டிருப்பான்."

கலியாணசுந்தரம் கழுத்திலிருந்த குழாயைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். ரயில் ஏறினால் நோயாளிகள் வருவார்கள், என்ன கொடுப்பது என்று யோசித்தார். கொடுக்க ஒன்றும் இல்லை.

"அண்ணே" என்றான் மருதமுத்து, எதிரே இருந்த புக்கிட் ரம்பாய்க்காரனைப் பார்த்து. "கொஞ்சம் நகந்து உக்காருங்க. அவரு கால் மேல உக்காந்திருக்கீங்க."

"அவரு ஒண்ணும் சொல்லலியே" என்றான் அவன்.

"அவருக்குத் தெரியாது" என்றான் மருதமுத்து.